ஜெப அறையைக் கேட்டாள் தங்கை

மார்ச் 3, செவ்வாய்
தங்கை போன் செய்தாள். கணவரோடு இனி ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாதாம். மகளைக் கூட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நர்ஸ் விடுதியில் ஒண்டியிருக்கிறாள். குழந்தையோடு அங்கே மாதக் கடைசி வரைதான் விடுவார்களாம். "அண்ணா, உன் வீட்ல அந்தச் சின்ன ரூம் இருக்குல்ல?"

இருக்கிறது. அதுதான் என் ஜெப அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, முழங்காலுக்கு ஒரு கம்பளம். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றேன். ஆண்டவரிடம் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை.

மார்ச் 4, புதன்
அந்த அறையைக் கொடுக்கலாமா என்று அந்த அறையிலேயே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கேட்டேன். பதில் இல்லை. நல்ல அமைதி மட்டும் இருந்தது. அமைதியே ஒரு பதிலோ? குழந்தை வந்தால் இது இருக்காது.

மார்ச் 6, வெள்ளி
வேத வசன அட்டைகள் இருக்கும் வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டை எடுத்தேன். அந்நியரை வீட்டில் சேர்த்துக்கொள்வது பற்றிய வசனம். தங்கை அந்நியர் இல்லையே, பொருந்தாது. திரும்ப வைத்துவிட்டேன். இரண்டாவது அட்டை கர்த்தருக்குக் காத்திருப்பது பற்றி. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு
இன்று ஓர் அடையாளம் கேட்டிருந்தேன்: பாஸ்டர் பிரசங்கத்தில் 'வீடு' என்று சொன்னால் சம்மதம். பதினேழு தடவை சொன்னார். ஆனால் அவர் எப்போதுமே அப்படித்தான், வாயைத் திறந்தால் வீடுதான். அடையாளத்தைச் சரியாக வைக்காதது என் தப்பு.

மார்ச் 11, புதன்
நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேர் போன் செய்தார்கள். மேலே மெஷின் ரூமுக்கு ஓடி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஏழாவது மாடிக்கு ஏற்றினேன். இருபது நிமிடம். இன்னும் தோள் வலிக்கிறது.

சாப்பிடும்போது மனைவியிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அவங்க போன் பண்ணப்போ, ஜெபிச்சுட்டு வரேன்னா சொன்னீங்க?"

வேலை வேறு, தேவசித்தம் வேறு என்று விளக்கினேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. அவர் தலையில ஏன் போடுறீங்க?"

'அவர்' யார் என்று கேட்கவில்லை. தட்டோடு எழுந்துவிட்டேன். அப்படி ஒரு கோபம் வந்தது. என் ஜெபத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

மார்ச் 15, ஞாயிறு
ஜெபக்குழுவில் 'ஒரு குடும்ப விஷயம்' என்று மட்டும் சொன்னேன். விவரம் எதற்கு? "ஏற்ற வேளையில கர்த்தர் வழி திறப்பார், பிரதர்" என்றார் பேங்க் பிரதர். எல்லாருக்கும் அதையேதான் சொல்வார். இன்று எனக்காகவே சொன்னது போலிருந்தது.

மார்ச் 16, திங்கள்
தங்கை போன். எடுக்கவில்லை. ஜெபத்தில் இருந்தேன். கிட்டத்தட்ட.

மார்ச் 20, வெள்ளி
தங்கையிடமிருந்து செய்தி. 'இடம் கிடைச்சிருச்சுண்ணா. எனக்காக ஜெபிச்சதுக்கு நன்றி.'

கிண்டலா? நாலு தடவை படித்தேன். அவளுக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. அதுதான் குத்துகிறது.

மார்ச் 22, ஞாயிறு
தங்கைக்கு இடம் கிடைத்த விஷயம் பேங்க் பிரதருக்கு எட்டியிருக்கிறது. சாட்சி சொல்லச் சொல்லி மேடைக்கு அனுப்பிவிட்டார். சொன்னேன். "இரண்டு வாரத்துக்கு மேல் ஜெபித்தேன். கர்த்தர் என் தங்கைக்கு ஒரு கதவைத் திறந்தார்." கை தட்டினார்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மனைவி மட்டும் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மார்ச் 29, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் மனைவி என்னைத் தங்கை இருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தங்கை வேலை பார்க்கும் வார்டின் மூத்த நர்ஸ் வீடு. வார்டில் எல்லாரும் அவரை 'மேஜர்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். கட்டிலைத் தங்கைக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, அந்தம்மா அடுப்படியில் பாய் விரித்துப் படுக்கிறார்.

"எப்படிம்மா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"இதுல முடிவு பண்ண என்ன சார் இருக்கு? பாப்பாவுக்குப் படுக்க இடம் வேணும்ல. உட்காருங்க."

உட்கார முடியவில்லை. அது எனக்கும் மூன்றாம் தேதியே தெரியும், போனை வைப்பதற்கு முன்பே. கொடுக்க மனசில்லை. அதை என் வாயால் சொல்லாமல், ஆண்டவர் சொல்லட்டும் என்று பதினேழு நாள் அவரை முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். சீ, வெட்கமாக இருக்கிறது.

தங்கை முகத்தைப் பார்க்காமல் இருக்க வாசற்பக்கம் போனேன். கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும். வண்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து தாழ்ப்பாளின் திருகுகளை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. யாரிடமும் கேட்கவில்லை.