ஒற்றைக் கம்புக் கூடாரம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

"தனியா மலைக்குப் போனா என்கிட்ட பேசாதே" என்றீர்கள். போயும் வந்துவிட்டேன்.

கிளம்பும் முன் கூடாரம் வாங்கப் போனேன். கடைக்காரர் பெரிய கூடாரத்தைக் காட்டி, "கனமா இருந்தா என்ன, கூட வர்றவர் தூக்குவாரும்மா" என்றார்.

"யாரும் வரலைங்க. நான்தான் தூக்கணும்" என்று சொல்லி, நடுவில் ஒரே கம்பு நிற்கும் கூம்புக் கூடாரத்தை வாங்கினேன். ஒரு கிலோகூட இல்லை.

மலையில் இரண்டாம் நாள் மழைக்காற்றில் கூடாரத்தின் கயிறு ஒன்று அறுந்தது. கொஞ்சம் நனைந்தேன், அவ்வளவுதான். துணியின் ஓரத்தில் கற்களை அடுக்கினேன், கூடாரம் நின்றது. அடுத்த மாதமும் போவேன்.

உங்கள் லாரியில் இருக்கும் மெல்லிய நைலான் கயிற்றில் பத்து முழம் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் பேச வேண்டாம். பார்சலில் என் பெயரை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள்.

உங்கள் மகள்