ஏணியை விட்டு நடந்தவனுக்கு

மச்சான்,

நேற்று என் மகள் போனில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்தாள். சர்க்கரை நோய் பற்றி ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக விட்டிருக்கிறதாம். "அப்பா, டாக்டர் சொன்னாதான் கேக்க மாட்டேன்ற, இதையாவது ஆடு" என்றாள். ஆடினேன். ஒரு ஜிலேபியிடம் தோற்றுப்போனேன். பத்தாவது ஃபெயிலானவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் போனுக்குள் தாயக்கட்டை உருளுகிற சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. உன் நினைவு வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. நம் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மன்ற வாசலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் வந்தார்கள். தொழுநோய்ப் பிரசாரம் செய்கிற சங்கமாம். தடித்த அட்டையில் அச்சடித்த பாம்பு ஏணிப் படத்தைச் சும்மா கொடுத்தார்கள். "எதுக்கும்மா விளையாட்டு?" என்று நான் கேட்டதற்கு, "நோட்டீஸ் குடுத்தா சுண்டல் மடிச்சிடறீங்க சார்" என்றாள் அதில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். உண்மையும் அதுதானே.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஏணிக் கட்டத்தில் நின்றால் அதில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தால்தான் ஏறலாம். பாம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, பேசாமல் இறங்கிவிடலாம்.

தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும் என்று நாமாக இன்னொரு விதியும் சேர்த்து ஆட உட்கார்ந்தோம். நீ கட்டையை உருட்டினாய். காய் நிற்கவேண்டிய இடத்தில் படத்திலேயே பெரிய ஏணி. 'உணர்ச்சியில்லாத தேமலைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார்' என்று எழுதியிருந்தது. நீ ஒரு கட்டம் கூடுதலாக எண்ணித் தாண்டிப் போனாய்.

"இன்னா மாமே, ஏணிய வுட்டுட்டுப் போற? கண்ணு அவுஞ்சு போச்சா?" என்றேன்.

"எனுக்கு ஏணி வாணாம். நான் நட்ந்தே வரேன்."

அடுத்த ஆட்டத்திலும் அதே இடம். இந்த முறை இரண்டு கட்டம் கூடுதல். தாண்டி வைத்த கட்டத்தில் பாம்பின் வாய். நீ வாய் பேசாமல் காயை வால்வரைக்கும் இறக்கினாய். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே அந்த வர்க்கம்தான். ஆனால் தோற்பதற்காக ஏமாற்றுகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

சித்திரை வெயிலில் நீ முழுக்கைச் சட்டை போட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு முந்தின வாரம் பட்டறையில் கடைசல் மெஷின் சீவித் தள்ளிய சூடான இரும்புச் சுருள் உன் முழங்கையில் ஒட்டிக்கொண்டதும், தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நீ குனிந்து பார்த்ததும் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நேராகக் கேட்டிருந்தால் நீ என்னோடு பேச்சையே விட்டிருப்பாய். வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளை நிறுத்தி, சட்டையைத் தூக்கி என் முதுகைக் காட்டினேன். எனக்குத்தான் பிறந்ததிலிருந்து வியர்வைத் தேமல் உண்டே.

"மச்சான், எனுக்கு பயமா கீது. தனியா போவ மாட்டேன். தொணைக்கு வர்றியா?"

நீ என் சட்டையை இறக்கிவிட்டாய். "வரேன்" என்றாய்.

பூந்தமல்லி பக்கம் நடந்த இலவச முகாமில் டாக்டர் என் முதுகில் இறகால் தொட்டார். கூச்சத்தில் நான் துள்ளியதில் ஸ்டூல் சாய்ந்தது. "ஒண்ணுமில்ல. நல்லா சோப்பு போட்டுக் குளிங்க" என்றார். அவமானமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். அந்த ஸ்டூலை நிமிர்த்தி நீ உட்கார்ந்தாய். சட்டைக் கையை மடித்தாய். டாக்டர் இறகால் தொட்டுக்கொண்டே இருந்தார். கண்ணை மூடியிருந்த நீ, "இன்னும் தொடலியா சார்?" என்று கேட்டாய். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும், விரல் மடங்காது என்றார்கள். மாதாமாதம் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வீட்டில் திருவேற்காடு கோயிலுக்கு என்று சொன்னோம். பொய்யாகக்கூடாது என்று திரும்பும்போது அங்கே இறங்கி குங்குமமும் வாங்கிவந்தோம். ஒருநாள் பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"ஊட்ல தெரியக்கூடாது மச்சான். அவ புள்ளைங்கள இட்டுகினு ஆத்தா ஊட்டுக்குப் பூட்டாகூட பரவால்ல. பக்கத்துல வர்றதுக்கு ஒரு நிமிசம் யோசிப்பா பாரு, அத்த என்னால தாங்க முடியாது."

பத்து விரலும் நீட்டி மடக்குகிற கையோடுதான் நீ ஓய்வு பெற்றாய். நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியும்.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, உன் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, மாசா மாசம் கோயிலுக்கு இட்டுகினு போனீங்களே, நீங்க இல்லன்னா அவரு கை போயிருக்கும்."

மோர் எனக்குப் புரையேறியது.

"அப்பவே பரண்ல மாத்திர அட்டயப் பாத்தேண்ணே. மருந்துக்கடைல காட்டி இன்னான்னு கேட்டுகினேன். அப்பதான் அவரு தனியா ஒரு தட்டும் டம்ளரும் எடுத்து வச்சிகினாரு. வேண்டுதலாம், யாரும் தொடக்கூடாதாம். அவரு வேலைக்குப் போனதும் நான் அந்தத் தட்டுலதான் போட்டு துன்னேன். தெனமும்."

"ஏம்மா, அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எனுக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுசன் கூசிப் பூடுவாருண்ணே. தெரியாதுன்ற தைரியத்துலதான சிரிச்சிகினு இருந்தாரு."

கழுவின டம்ளரைத் துடைப்பதுபோல அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனை வருஷம் உன் ரகசியத்தைச் சுமந்தேன், அது பாரமாகத் தெரியவில்லை. இப்போது அவளுடையதும் சேர்ந்துவிட்டது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லவேண்டும், நீயோ கேட்கிற தூரத்தில் இல்லை. நடந்து போகும்போது, பல் விளக்கும்போது, வாய்க்குள்ளேயே உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, மச்சான்.