முந்நூறு லிட்டர் குளிர்

மார்ச் 3

அடியே ஐஸு,

நேற்று போனில் பாதியிலேயே வைத்துவிட்டாய். நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். நீயும் சும்மா இல்லை. உன் பக்கத்தில் இருந்த என் அண்ணன்தான் பிறகு என்னைக் கூப்பிட்டு, "இனிமே ரெண்டு பேரும் எழுதிக்கோங்க. என் காது தாங்காது" என்றான். அதனால் எழுதுகிறேன். உன் ஆய்வு மையத்து வண்டி தினமும் ஆஸ்பத்திரி வழியாகத்தானே போகிறது, டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஹாஸ்டல் அறையில் உனக்கு ஐஸு என்று பெயர் வைத்தவளும் நான்தான், உன்னை என் அண்ணன் தலையில் கட்டியவளும் நான்தான். இந்த இரண்டு உரிமையிலும் கேட்கிறேன்.

என் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினின் காந்தத்தைக் குளிர வைக்கும் கம்ப்ரஸர் படுத்துவிட்டது. உள்ளே இருக்கும் திரவ ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கூரைக் குழாய் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அளவு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் காந்தம் சூடேறி ஒரே நொடியில் செத்துவிடும், மிச்ச ஹீலியமும் மொத்தமாகப் பறந்துவிடும் என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்று உதிரிப்பாகம் வர இந்த மாதக் கடைசி ஆகுமாம். ஹீலியம் விற்பவரோ கப்பலே வரவில்லை என்று கையை விரிக்கிறார்.

உன்னிடம் முந்நூறு லிட்டர் இருக்கிறது. அது கிடைத்தால் உதிரிப்பாகம் வரும்வரை தள்ளிவிடுவேன். கப்பல் வந்ததும் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுப்பேன்.

இந்த வட்டாரத்துக்கே இது ஒன்றுதான் மெஷின். யோசித்துப் பார்.

உன்
ஊசி


மார்ச் 4

அன்புள்ள ஊசி,

கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

அந்த முந்நூறு லிட்டர் உபரியாகக் கிடக்கவில்லை. எங்கள் பெரிய குளிர்கலன் தினமும் குடிக்கிறது. அது விடும் ஆவியைப் பிடித்து, மறுபடி திரவமாக்கி, அதற்கே ஊட்டுகிறோம். ஒரே ஹீலியம் சுற்றிச் சுற்றி வருகிறது. அதை எடுத்துக் கொடுத்தால் சுற்று அறுந்துவிடும்.

உள்ளே இருப்பது சிட்டுவின் சிப். சிட்டுவை உனக்குத் தெரியும், போன வருஷம் வீட்டுக்கு வந்து உன்னோடு சீட்டாட்டத்தில் சண்டை போட்டவள். நாலு வருஷம் பாடுபட்டு அவள் செய்த சிப் அது. அதற்குமேல் குளிரவே முடியாத முழுப் பூஜ்யத்துக்கு மயிரிழை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, மற்றவை நொடியில் மறந்துவிடும் குவாண்டம் நிலையை மறக்காமல் வைத்திருக்கிறது. இதற்கு முன் செய்த இரண்டு சிப்களும் சூடேறும்போது விரிசல் விட்டுப் போயின. இதுவும் சூடேறினால் பிழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பதினான்காம் தேதி மதிப்பீட்டுக் குழு வருகிறது. இந்த மையம் இருக்கலாமா, இழுத்து மூடலாமா என்று அவர்கள்தான் சொல்லப் போகிறார்கள். அவர்களுக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. நாற்பது பேருடைய பிழைப்பு இதில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு சுமக்க முடியவில்லை. மழைக்காலத்தில் உன்னைப் பார்க்க வந்தபோதே, "அந்தக் கம்ப்ரஸர் சத்தம் சரியில்லடி, ஆளைக் கூப்பிட்டுக் காட்டு" என்றேன். "உனக்கு எந்த மெஷினைப் பாத்தாலும் நோயாளியாத்தான் தெரியும்" என்று சிரித்தாய்.

முடியாது, ஊசி. பதினான்கு முடியட்டும், பதினைந்தாம் தேதி காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஐஸு


மார்ச் 5

குறைந்த வெப்பநிலைக் குவாண்டம் ஆய்வு மையத்தின் இயக்குநர் அவர்களுக்கு,

பதினைந்தாம் தேதி வரை என் காந்தம் தாங்காது. உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. என் கணக்கையும் கேளுங்கள்.

நேற்று ஒரு லாரி ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். முதுகு வலி என்று வந்தவருக்குக் காலில் உணர்ச்சியே இல்லை. மெஷினில் படுக்க வைத்துப் பார்த்தால் தண்டுவடத்தை ஒட்டிச் சீழ் கட்டி அழுத்திக்கொண்டிருந்தது. உடனே அறுவை சிகிச்சை. இன்று காலை கால் கட்டைவிரலை அசைத்தார். அவர் மனைவி அந்த விரலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மெஷின் இல்லையென்றால் அவரைப் பஸ்ஸில் ஏற்றி அடுத்த நகரத்துக்கு அனுப்பியிருப்பேன். அங்கே போய்ச் சேரும்போது கால் இரண்டும் போயிருக்கும்.

நீங்கள் காப்பாற்றுவது நகத்தளவு சில்லு.

கம்ப்ரஸர் விஷயத்தில் நான் சிரித்தது உண்மை. பிறகு ஆளைக் கூப்பிடச் சொல்லி நிர்வாகத்துக்கு மூன்று தடவை எழுதினேன் என்பதும் உண்மை. அதை நீங்கள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஸ்கேன் பிரிவுத் தலைவர்


மார்ச் 7

ஊசி,

'இயக்குநர் அவர்களுக்கு' என்று எழுதிய உறையை உன் அண்ணன்தான் டிரைவரிடம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "உள்ள என்ன இருக்குன்னு சொல்லாத. நான் ஒரு பக்கம் சாஞ்சேன்னா இன்னொரு பக்கம் எனக்கு இல்லாமப் போயிடும்" என்று மாடிக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் எல்லோரையும் குளிர்க்கூடத்தில் கூட்டிவைத்து விஷயத்தைச் சொன்னேன். பெரிய சண்டை. கொடுக்கக் கூடாது என்று பாதிப் பேர், கொடுக்காமல் எப்படி முகத்தில் முழிப்பது என்று பாதிப் பேர். கடைசியில் நான் சிட்டுவைப் பார்த்தேன்.

"என்னைக் கேக்காதீங்க மேடம். கொடுக்கணும்னா கொடுங்க, நீங்கதான் டைரக்டர். ஆனா சரின்னு என் வாயால சொல்ல வைக்காதீங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

குழுத் தலைவரைப் போனில் பிடித்து, ஒரு வாரம் முன்னாலேயே வர முடியுமா என்று கெஞ்சினேன். "ஹீலியத்தைக்கூடச் சமாளிக்கத் தெரியாத மையம்னு நாங்க எழுதிக்கணுமா?" என்று கேட்டார். தேதியை மாற்ற மாட்டாராம்.

கொடுக்கிறேன். உன் கடிதத்தால் இல்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கட்டைவிரலால்.

நாளைக் காலை எங்கள் வண்டியில் ஹீலியக் கலன் வரும். கூடவே எங்கள் பொறியாளர் வருவார். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், ஊற்றும் வேலையை அவர் கையில் விட்டுவிடு. ஊற்றும் குழாயை முதலில் நன்றாகக் குளிர வைத்துவிட்டுத்தான் காந்தத்துக்குள் நுழைக்க வேண்டும். சூடான வாயு ஒரு மூச்சு உள்ளே போனாலும் காந்தம் அங்கேயே செத்துவிடும். பொறுமைதான் இதில் வேலையே. அவசரப்படுத்த யாரையும் விடாதே.

இதை நீ வாசிக்கும்போது குளிர்கலன் சூடேற ஆரம்பித்திருக்கும்.

ஐஸு


மார்ச் 9

ஐஸு,

டிரைவர் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன் பொறியாளர் வந்து கலனை இறக்கி, அறை வாசல் வரை வந்துவிட்டார். அதற்குள் எங்கள் நிர்வாகி ஓடி வந்தார். "வெளியாள் கை வெச்சா கம்பெனி உத்தரவாதம் போயிடும் டாக்டர். நம்ம பராமரிப்பு ஆள் இருக்கான்ல, அவன் பாத்துக்குவான்" என்றார். மாட்டேன் என்றேன். "அப்ப கலனை வண்டியில ஏத்தச் சொல்லுங்க" என்று நின்றுவிட்டார். உன் பொறியாளர் வாசலில் நிற்க, உள்ளே வேறு ஆள் வேலை செய்யலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

வந்தவன் குழாயைக் குளிர வைக்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து உன் பொறியாளர், "நிறுத்து, நிறுத்து, இன்னும் ஆகல!" என்று கத்துகிறார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சொருகிவிட்டான்.

ரயில் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதுபோல் சத்தம். கட்டிடமே நடுங்கியது. நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினோம். மேலே பார்த்தால் கூரைக் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று மேகம் கிளம்புகிறது. என் ஹீலியம், நீ கொடுத்தது, எல்லாம் அதில்தான். யாருக்கும் அடிபடவில்லை. வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காந்தம் போய்விட்டது, ஐஸு. உன் சிப்புக்கான குளிரும் போய், என் மெஷினும் போய், நடுவில் நான் போட்ட ஒரு கையெழுத்து மட்டும் இருக்கிறது.

திட்டியாவது எழுது.

ஊசி


மார்ச் 12

ஐஸு,

பதில் இல்லை. நேற்று மைய வாசலுக்கு வந்தேன். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்றார் காவலாளி. நீ மாடி ஜன்னலில் நின்றதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

அண்ணனிடம் கேட்டேன். "சாப்பிடுறா, வேலைக்குப் போறா. உன் பேரை நான் எடுத்தா ரூமை விட்டுப் போயிடுறா. என்னைப் போட்டுப் படுத்தாதீங்கடி" என்றான். அவன் குரலே சரியில்லை.

இந்தக் கடிதம் மன்னிப்புக் கேட்க இல்லை. ஒரு விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும். காந்தம் போனதற்கு, உங்கள் ஹீலியத்தில் காற்று கலந்திருந்ததுதான் காரணம் என்று நிர்வாகம் எழுதி வைத்திருக்கிறது. அப்படி இருந்தால்தான் மெஷின் கம்பெனியும் காப்பீட்டுக்காரர்களும் வாயை மூடுவார்களாம். பிரிவுத் தலைவர் என்ற முறையில் அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"உங்க அண்ணிதான்னு தெரியும் டாக்டர். யாரையும் ஜெயில்ல போடப் போறதில்ல, ஒரு வரிதானே" என்கிறார் நிர்வாகி. போடாவிட்டால் ஸ்கேன் பிரிவை வேறொருவர் பார்த்துக்கொள்வாராம்.

நான் போடவில்லை. ஆனாலும் என் கையெழுத்து இல்லாமலே அந்தக் கடிதம் உங்கள் குழுத் தலைவருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். தயாராக இரு.

ஊசி


மார்ச் 17

ஊசி,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எழுத உட்கார்ந்தால் திட்டு மட்டும்தான் வந்தது. அதனால்தான் எழுதவில்லை.

பதினான்காம் தேதி காலையில் குழு வந்தது. குளிர்கலன் வயிற்றைக் கிழித்துப் போட்ட மாதிரி திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாளே சிட்டு சிப்பை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டாள். நடுவில் விரிசல். அவள் அழவில்லை. பெட்டியை மூடி, எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

குழுத் தலைவர் உங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மேஜையில் வைத்தார். "சொந்த ஆராய்ச்சியையும் கெடுத்து, ஆஸ்பத்திரி காந்தத்தையும் கெடுத்திருக்கீங்க. என்ன சொல்றீங்க?" நான் எங்கள் ஹீலியத்தின் சோதனை அளவுகளைக் காட்டினேன். அதெல்லாம் நாங்களே எழுதிய எண்கள்தானே என்றார்.

அப்போதுதான் நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். உன்னைக் கண்டதும் எனக்கு முதலில் வந்ததும் கோபம்தான். இவள் வந்து இன்னும் எதைக் கெடுக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். "ஹீலியம் சுத்தம். பொறியாளரை வாசல்ல நிறுத்தச் சொன்னது நான். இது நான் போட்ட கையெழுத்து" என்று காகிதத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டாய். உன் பின்னாலேயே வர எழுந்தேன். வரவில்லை. வந்திருந்தால் அடித்திருப்பேன், இல்லையென்றால் அழுதிருப்பேன். குழுவுக்கு முன்னால் இரண்டுமே ஆகாது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேல் பழி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் காட்ட எதுவும் இல்லாத மையத்துக்கு அவர்கள் எதற்குச் செலவழிக்க வேண்டும்? குவாண்டம் கருவிப் பிரிவை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றுகிறார்கள். குளிர்கலனும் போகிறது, சிட்டுவும் போகிறாள். ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரம் மட்டும் இங்கேயே இருக்கும். ஒரு வருஷத்துக்குள் அதை வைத்து ஏதாவது உருப்படியாகச் செய்து காட்டினால் மையம் இருக்கும், இல்லையென்றால் இல்லை.

சிட்டு நேற்று சொல்லிக்கொள்ள வந்தாள். "கோவமாத்தான் போறேன் மேடம். உங்க இடத்துல நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். அதான் கோவம்" என்றாள். கட்டிக்கொள்ளப் போனேன், கையை மட்டும் கொடுத்தாள்.

உன்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள், நீயும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று உன் அண்ணன் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் எழுந்து போகவில்லை. அவ்வளவுதான் முடிந்தது.

இனி நான் எழுத வந்தது. இந்த வட்டாரத்தைச் சுற்றியுள்ள நகரங்களில் எத்தனை ஸ்கேன் மெஷின் இருக்கிறது, எத்தனை கூரைக் குழாய் வழியாக ஹீலியம் வானத்துக்குப் போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதையெல்லாம் பைகளில் பிடித்துக் கொண்டுவந்தால் என் இயந்திரம் திரவமாக்கித் திருப்பிக் கொடுக்கும். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் உன் பழைய ஆஸ்பத்திரியின் காந்தத்தையே மறுபடி குளிரவைத்து எழுப்பலாம். நிர்வாகி வேண்டாம் என்பார். வேறு வழியில்லாதபோது சரி என்பார்.

ஆனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய்ப் பேச வேண்டும். ஒரு பௌதிகக்காரி போய்ப் பேசினால் டாக்டர்கள் கேட்க மாட்டார்கள். ஸ்கேன் பிரிவு நடத்தின டாக்டர் வேண்டும். மேலதிகாரி முன்னால் முடியாது என்று சொல்லத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். நீ அதைப் பிந்திக் கற்றுக்கொண்டாய், ஆனாலும் கற்றுக்கொண்டாய்.

நன்றாகக் கேட்டுக்கொள், உன்னை மன்னித்துவிட்டுக் கூப்பிடவில்லை. எனக்கு ஆள் வேண்டும், கூப்பிடுகிறேன். மற்றது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வராதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். திங்கட்கிழமை காலை வேலைக்கு வா. வாசலில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐஸு