போலிஷ் தெரிந்த மாமா

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. அம்பத்தூர் ஏரிக்கரை ரோட்டில் எதிரே வந்த பஸ் தெரியவில்லை, ஹாரன் மட்டும் வந்தது.

மூன்று விரல் மிஞ்சிய என் இடது கையை இந்த டைரியின் மேல் வைத்துச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர் நம்பமாட்டார். நம்பாதது அவர்கள் தப்பும் இல்லை.

விஷயம் இதுதான். தங்கை வசந்தாவின் மகன் கார்த்தி போலந்து போய்ப் பத்து நாள். டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் தொழிற்சாலை. ஏஜென்ட் ஒரு தாள் கொடுத்திருக்கிறான், நூறு ஆங்கில வாக்கியம். வலது பக்கம், போலிஷ் இருக்கவேண்டிய இடம், காலி. வேலை நேரத்தில் போன் லாக்கரில். தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினால் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வானாம்.

யாரைக் கேட்பான்? வம்சத்திலேயே போலிஷைக் கரைத்துக் குடித்தவன் நான் ஒருவன்தானே! நான் வேலை பார்த்த பாடித் தொழிற்சாலைக்குத் தகரம் அடிக்கும் பிரஸ் மெஷின் மாட்ட வந்த போலந்து இன்ஜினியர், என்னோடு நாற்பது மெதுவடை தின்று, கண்ணீர் விட்டு, மூன்றே நாளில் மொழியைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

டைரிக்கு மட்டும்: ஆங்கிலத்தைப் போன் ஆப்பில் போட்டு, பத்துத் தடவை கேட்டு, எழுதுகிறேன்.

குட் மார்னிங் = ஜென் டொப்ரி
வாட்டர் = வோடா
சால்ட் = சூல்
தேங்க் யூ = ஜென்குயெ

டீக்கடை செல்வம்: "இன்னா நைனா, காலீலயே முணுமுணுத்துக்கினு கீற?"

"போலந்து மன்னரோடு பேச்சுவார்த்தை."

"அவருக்கும் ஒரு டீ போடவா?"

ஜனவரி 8, வியாழன்

மூக்கடைப்பு. கேஸ் புக் பண்ணணும்.

கார்த்தியின் இன்றைய பட்டியல் தாளில் உள்ளது இல்லை. அவனே சேர்த்தது.

ஸ்லோலி ப்ளீஸ்.
ஐ ஆம் நியூ ஹியர்.
ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் = நியெ ரொஜுமியெம்.
ஹூ வொர்க்ட் ஹியர் பிஃபோர் மீ?

கடைசியை எதற்குக் கேட்கிறான்? ஆப் உடனே சொல்லிவிட்டது. எழுதத்தான் நேரம் பிடித்தது.

ஜனவரி 9, வெள்ளி

மறுபடி பனி. கேஸ் வரவில்லை.

இன்று இரண்டே வாக்கியம்.

வென் வில் ஹீ கம் பேக்?
வேர் இஸ் தி கார்டு?

கார்டு என்றால் பிரஸ் இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலை. இடது கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்விட்டது. வலது கையால் போன் போட்டேன்.

"கார்டு எங்கடா?"

"கழட்டி சுவரோரமா சாச்சு வெச்சிருக்காங்க மாமா. போட்டா ஸ்பீடு வராதாம், கவுன்ட் கம்மி ஆயிடுமாம். முன்னாடி இருந்த ஆளும் அது இல்லாமத்தான் ஓட்டினாராம்."

"அந்த ஆள் எங்க?"

"அதான் தெரியல. யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீ எழுதிக் குடு, கேக்குறேன்."

"அந்த மெஷின்கிட்ட போகாதடா."

"நீ வேற மாமா!" சிரிப்பு.

எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 10, சனி

ஆவடி குவார்ட்டர்ஸ். வசந்தா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், போலந்துக்குப் பார்சல் போட. அந்த மெஷினில் நிற்காதே என்று அவனிடம் நீ சொல், நீ சொன்னால் கேட்பான் என்றேன்.

"இப்ப இன்னா கதைண்ணே?"

"கதை இல்லம்மா. கை போயிடும்."

"போன பொங்கலுக்கு ஏரில முதலை வந்துச்சுன்னு தெருவையே ஓட வெச்சது யாரு? உன் ரெண்டு விரலை அதோட தாத்தா முதலை கடிச்சிச்சுன்னது யாரு? அதுக்கு முன்னாடி புலி. அதுக்கு முன்னாடி கல்யாண வீட்டு கிரைண்டர். பெத்தவ வயித்துல புளியைக் கரைக்காதண்ணே."

எனக்கு விரல் போன அந்த வருடம் அவள் வீட்டுக்காரருக்கு ஜபல்பூரில் வேலை, அவளும் அங்கேதான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான்.

முறுக்கு ஐந்து. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

மாலை 5.40. தெருவில் போகி மேளம் அடித்துப் பழகுகிறார்கள். டம். டம். டம். பிரஸ் இறங்குகிற அதே இடைவெளி.

கார்த்தி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். மெஷினின் பக்கவாட்டில் சிவப்புத் தகடு, வெள்ளையில் ஐந்து ஆங்கில எழுத்து. "மாமா, இது தாள்ல இல்ல. இன்னா அர்த்தம்? இன்னிக்கு ரெண்டு மணிலேர்ந்து இதுல நான் தனியா."

அங்கே இரண்டு என்றால் இங்கே ஆறரை.

ஆப்பைத் திறக்கவில்லை. உவாகா. ஜாக்கிரதை.

குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஜோடனை இல்லாமல். பாடியில் இதே தகடு. கார்டைக் கழற்றியது சூப்பர்வைசர் இல்லை, நான். என் ஸ்பேனரால். ஷிப்டுக்கு முந்நூறு பீஸ் கூட வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை. இருபத்தோராம் நாள் ஆனது. போகாதே. கார்டைப் போடச் சொல். போடாவிட்டால் திரும்பி வா.

5.58. பதில். சிரிக்கும் பொம்மை ஐந்து. "செம மாமா! முதலைய விட இது டாப்பு. போலந்து மெஷினையே கோத்து வுட்ட பாரு!"

போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. வசந்தாவுக்கு. "மறுபடியுமாண்ணே?" வைத்துவிட்டாள்.

6.20. பரண் ஏறினேன். பாடி மெஷினை இரும்புக்கடைக்கு ஏற்றிய அன்று நானே கழற்றி வந்த தகடு. துணி சுற்றி, பழைய பூட்டுகளுக்கு அடியில். துடைத்தேன். சிவப்பு இன்னும் போகவில்லை. மூன்று விரலில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஒரு டிக். போய்ச் சேரவில்லை.

6.30. மேளம் நிற்கவில்லை. போன் லாக்கருக்குள் போயிருக்கும். ஒரே டிக்.

இன்ஜினியர் பொய். வடை பொய். மூன்று நாளில் கற்றது பொய். முதலை, புலி, கிரைண்டர், அத்தனையும் பொய். போலிஷில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அது மட்டும் நிஜம்.