மேற்கே போன துளை

பெரியப்பா,

சுந்தரபாண்டியம் போகிற வழியில் இன்று காலை யாரோ கிணற்றில் சைடு போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். அரைபட்ட பாறையும் தண்ணீரும் கலந்த வாடை. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். உங்களிடம் சொல்லாமல் விட்டது அந்த வாடையில்தான் தொடங்குகிறது.

உங்கள் கிணறும் எங்கள் கிணறும் ஒரு வரப்பு தள்ளி. பேத்தியின் காதுகுத்துக்கு நீங்கள் தளவாய்புரம் போயிருந்த இரண்டு நாளில் அப்பா எங்கள் கிணற்றில் சைடு போர் மிஷினை இறக்கினார். கிணற்றின் அடியில், பக்கச் சுவரில், படுக்கைவாக்கில் துளை. கிழக்கே ஊற்று இல்லை. மேற்கே திருப்பச் சொன்னார். மேற்கே உங்கள் கிணறு. உள்ளே இறங்கி டார்ச் அடித்தவன் நான். "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். தண்ணீர் பீய்ச்சியபோது நானும் கத்தினேன். சந்தோஷத்தில்.

பங்குனியில் உங்கள் மோட்டார் காற்றை இழுத்தது. வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா மழையைப் பற்றிப் பேசினார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏலே, நீ படிச்சவன். எம்புட்டு வெயிலுக்கும் வத்தாத கெணறு. தண்ணி எங்கலே போகுது?"

"அது அண்டர்கரண்ட் பெரியப்பா. அடியில ஓட்டம் தெசை மாறும். யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

எம்.ஏ. ஆங்கில வகுப்பில் படித்த சொல். அசையாமல் தெரியும் நீர்ப்பரப்பின் கீழே வேறு திசையில் போகும் ஓட்டம். அதிலிருந்து, பேச்சின் கீழே சொல்லப்படாமல் ஓடும் எண்ணம். முதல் பொருள் பாறை ஊற்றுக்குச் சரியாகப் பொருந்தாது. இரண்டாவது அந்த அறைக்கு அப்படியே பொருந்தியது. காப்பி டம்ளர், மழை, அப்பாவின் சிரிப்பு. அங்கே ஓடிக்கொண்டிருந்ததன் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயரையே பொய்யாக உங்களிடம் கொடுத்தேன்.

நீங்கள் அதை டீக்கடைக்குக் கொண்டுபோனீர்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் படித்த மோட்டார் மெக்கானிக் சிரித்தார்.

"பூமிக்கு அடியிலயும் கரண்டா? அப்ப ஒன் மோட்டாருக்கு அதுலயே ஒரு கனெக்‌ஷன் குடுத்துருவமா?"

நீங்களும் சிரித்தீர்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளையாட்டு இருக்கட்டும்லே. ஒன் தம்பி கெணத்துல மிஷின் எறங்குச்சு. மேக்காலதான் அடிச்சாங்க. பெல்ட் மாத்திக் குடுத்ததே நான்தான்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தீர்கள். "என் தம்பி மகன் எங்கிட்ட பொய் சொல்லுவானா? இனிமே எங்கூடப் பேசாத."

நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவரோடு நீங்கள் பேசவே இல்லை. தென்னைகளின் மட்டை தொங்கியது. ஒவ்வொன்றாக வெட்டினீர்கள். எங்களுடையவை பச்சையாக நின்றன. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, மழை பெய்தால் ஓட்டம் திரும்புமா என்று கேட்டீர்கள்.

"திரும்பும்" என்றேன்.

இன்று, வழியில் பார்த்த அந்தக் கிணற்றடியிலிருந்து நேரே மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன். டார்ச் முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாம் சொன்னேன். அவர் கழற்றிய மோட்டாரைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குலே சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. அவன்ட்டல்ல சொல்லிருக்கணும்."

துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைசில என்னையத் தேடுனானா?"

தேடினார் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"இல்ல மாமா. கடைசிவரைக்கும் நான் சொன்னதத்தான் நம்புனாங்க."

அவர் தலையை மட்டும் அசைத்தார். போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

உங்கள் நம்பிக்கையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை, பெரியப்பா. வைத்திருக்கிறேன்.