கேலக்ஸிகளைத் துடைத்த பிறகு மிஞ்சியது

என் அண்ணன் பெற்று நான் கெடுத்து வளர்த்த அருமை மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் கோபம் உட்பட. அங்கே நீயும் உன் சளியும் எப்படி என்று எழுது, சளி போய்விட்டிருந்தால் உன்னைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இப்போதே சத்தியம் செய்துவிடுகிறேன்.

போன வாரம் உன் சித்தப்பன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வானத்தின் ஒரு மூலையிலிருந்த கேலக்ஸிகளையெல்லாம் துடைத்துத் தள்ளினான். ரேடியோ தொலைநோக்கியில் வந்து விழுவதைப் படமாக்குவதுதான் என் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். இரண்டு பெரிய கேலக்ஸிக் கூட்டங்கள் மோதிக்கொள்ளும் இடம் அது. மோதல் என்றதும் பயந்துவிடாதே, உன் அக்கா கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் ஒரே வாசலில் எதிரெதிரே வந்தார்களே, ஆளோடு ஆள் இடிக்கவில்லை, நடுவிலிருந்த காற்று மட்டும் கொதித்ததே, அதே மாதிரிதான். படத்தில் பளிச்சென்று தெரிந்த கேலக்ஸிப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கழித்தேன், பிரபஞ்சமே போதும் விடு என்று கெஞ்சியது. எல்லாம் போன பிறகும் நடுவில் மங்கலாக ஒரு கறை மட்டும் போகமாட்டேன் என்றது.

சரியா துடைக்கலைன்னா அப்படித்தான் மிஞ்சும், அதையும் எடுத்துட்டுப் படத்தை அனுப்புங்க என்றார் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைமை அம்மா. மாட்டேன் என்றேன். நாளைக்கு இது பிழைன்னு ஆயிட்டா அடுத்த வருஷம் தொலைநோக்கியை நம்ம கிட்ட யாரு தருவா, உங்க ஒருத்தர் பிடிவாதத்துக்கு எல்லாரும் சும்மா உட்காரணுமா என்று கேட்டார். நான் சிங்கமாகக் கர்ஜித்ததில் ஜன்னல் கண்ணாடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. வீட்டில் வந்து சொன்னால் உன் அப்பா, ஆளே இல்லாத இடத்துல எவன்டா விளக்கு போட்டு வச்சான், நீ முதல்ல நம்ம மாடிப்படி பல்பை மாத்து என்கிறார். உன் அம்மா மட்டும், அவ்வளவு நிச்சயமா இருந்தா விடாதீங்க தம்பி என்றார். நிச்சயம்தான் இல்லையே மகளே.

மறுநாள் தலைமை அம்மா, அதே இடத்தை எக்ஸ்ரே தொலைநோக்கியில் எடுத்த வேறொரு படத்தை வரவழைத்து என் கறையின்மேல் வைத்துப் பார்த்தார். மோதலில் சூடேறிய வாயு எங்கெங்கே படர்ந்திருந்ததோ அங்கெல்லாம் என் கறையும் படர்ந்திருந்தது. எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாத, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அந்த மோதலில் வேகம் பிடித்த துகள்கள் வெறும் வெளியில் சுழன்று சுழன்று ரேடியோ அலையாக முனகிக்கொண்டிருக்கின்றன. அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீ குறைவில்லாமல் நூறு வருஷம் இரு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குப் போன் பண்ண மறக்காதே. கர்ஜித்தது பொய், கண்ணாடி பொய், ஒற்றை ஆளாகத் துடைத்ததும் பொய், முக்கால்வாசி கம்ப்யூட்டர்தான் துடைத்தது. ஒரே ஒரு சின்ன விஷயம் உண்மை, அந்தக் கறை. அதன் இந்த ஓரத்தில் கிளம்பும் வெளிச்சம் அந்த ஓரம் போய்ச் சேர முப்பது லட்சம் வருஷம் ஆகுமாம்.

இப்படிக்கு,
இன்னும் வாய் மூடாத உன் சித்தப்பா