கேதுரு அடுக்கு

மிசௌரி,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோல்பிக்கு,

இங்கே நானும் ராய்ஸும் நலம். நேற்று போனில் சொல்லத்தான் நினைத்தேன். நீ கப்பலில் யாருடனோ சிரித்துக்கொண்டே பேசினாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

உன் பாம்புகளில் இரண்டு செத்துவிட்டன. கிழவி பிஸ்கட்டும், அந்த வெள்ளைக் குட்டியும். மற்ற நான்கும் உன் அறையில் இருக்கின்றன. சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது.

ராய்ஸ் உனக்காகப் பாம்புப் பெட்டிகள் வைக்கும் அடுக்கு செய்கிறார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. படம் அனுப்பாதே, வந்து பார்த்து அசரட்டும் என்று அவர்தான் தடுத்தார். நீ சொல்லிவிட்டுப் போனபடியே எல்லாம்: மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டிகள், மேல்பலகையே மூடி, பின்னால் சூட்டுப் பட்டை. இழுத்தால் சத்தமே இல்லாமல் வந்தன. பலகையை மட்டும் மாற்றினார். நீ கேட்டது மரத்தூளை அழுத்திச் செய்து வெள்ளை பூசிய தூள்பலகை. "அட்டைப்பெட்டி மாதிரி ஒண்ண என் கையால செய்ய மாட்டேன்" என்று கேதுரு மரப்பலகை வாங்கி வந்தார். என்னைக் கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்த பிறகு உனக்கென்று அவர் செய்த முதல் பொருள். வீடெல்லாம் அந்த வாசனை. எனக்கும் பிடித்திருந்தது.

ஒரு வாரத்தில் பிஸ்கட் தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி கிடந்தாள். குளிர் என்று நினைத்துச் சூட்டைக் கூட்டினேன். சூடு ஏற ஏற மரத்தின் எண்ணெய் காற்றில் கலக்கும் என்பது எனக்குத் தெரியாது. மிருக வைத்தியர் என் கோட்டில் வந்த வாசனையை முகர்ந்துவிட்டுத்தான் கேட்டார், "எந்த மரத்துலம்மா வச்சிருக்கீங்க?" என்று. கேதுருவின் அந்த வாசனையே பாம்புக்கு விஷமாம்.

புதிய அடுக்குக்குத் தூள்பலகை வாங்க மரக்கடைக்குப் போனேன். பில் போடும் ஜோலீன் விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனாள். "ராய்ஸ் பலகை வாங்கின அன்னைக்கே நான் அவர்கிட்ட சொன்னேனே. எங்க அக்கா பையன் பாம்பு வளக்கிறான், இது ஆகவே ஆகாதுன்னு. 'பைபிள் காலத்துல கோயிலயே இதுலதான் கட்டினாங்க, பாம்புக்குப் பத்தாதா'ன்னு கேட்டார். கடையே சிரிச்சுது."

ராய்ஸ் மான் வேட்டைக்குத் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார். ஜோலீன் சொன்னது உண்மையா என்று கேட்டேன். "ஆமா, சொன்னாதான். பில் போடறவ பேச்சையெல்லாம் கேட்டிருந்தா நான் ஒரு வீடுகூடக் கட்டியிருக்க மாட்டேன். குளிர்ல போயிருக்கும். ரெண்டு பாம்புதானே, வேற வாங்கித் தரேன் விடு" என்றார்.

அவர் கொல்ல நினைக்கவில்லை, கோல்பி. நினைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் ஒரு பெண் தனக்குச் சொல்லித்தருவதா என்பதுதான் அவருக்கு. அதற்காகச் சிரிக்க வைத்தார், பலகையை வண்டியில் ஏற்றினார், வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதிய அடுக்கை நானே செய்தேன். முதல் முறை பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது. உன் வரிப் பாம்பு, அந்த வரிக்காரன், வெளியேறி, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சுருண்டிருந்தான். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினேன். கோணல்தான், ஆனால் இப்போது ஒரு காசுகூட நுழையாது. சிவப்பிக்கு இன்னும் மூச்சு இரைக்கிறது. அவளுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டேன்.

கேதுரு அடுக்கு இப்போது கூடத்தில் நிற்கிறது, அவருடைய தூண்டில் சாமான்களோடு. சர்ச்சிலிருந்து வருகிறவர்கள் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். "பையனுக்காகப் பண்ணினேன், கப்பல்படையில இருக்கான்" என்கிறார். குடுத்துவச்ச பையன் என்கிறார்கள். நான் காபி ஊற்றுகிறேன்.

அவரே உன்னைப் போனில் கூப்பிடப் போகிறாராம், குளிரில் செத்தன என்று சொல்ல. எனக்கு உன்னைத் தெரியும். இந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நீதான் முதலில் அவரிடம் போய் "பரவால்ல, விடுங்க" என்பாய், நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று. நான் தூங்கவும் செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னையும் கப்பலையும் காக்கட்டும். அவர் கூப்பிடும்போது உனக்கே மன்னிக்கத் தோன்றினால் மன்னி. எனக்காக மட்டும் மன்னித்துவிடாதே.

உன் அம்மா,
மார்லா